திருகோணமலையில் முதல் காணி: இளம் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலியாணமாகிக் கையில் கொஞ்சம் சேமிப்பும் நகையும் சேர்ந்ததும், ஒரு துண்டுக் காணி வாங்கிப் போட வேண்டும் என்ற ஆசை வருவது இயல்பு. ஆனால் நம் ஊரில் பலர் முதலில் விசாரிப்பது பேர்ச் என்ன விலை என்பதைத்தான். அதற்கு முன்னர் கேட்க வேண்டியது, அது உறுதி (உரிமைப் பத்திரம்) உள்ள காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியா என்பது.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவர் அந்தக் காணியைத் தம் விருப்பப்படி விற்க முடியாது. அரசின் அளிப்புப் பத்திரம் (கிராண்ட்) உள்ள காணியைக் கைமாற்றுவதற்கும் பிரதேச செயலகத்தின் சம்மதம் வேண்டும். "இப்போது ஓர் ஒப்பந்தம் எழுதுவோம், பெயரைப் பிறகு மாற்றலாம்" என்று தரகர் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். அந்தக் காகிதம் உங்களை உரிமையாளர் ஆக்காது. பெர்மிட் காணி மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமே இதுதான்.

உறுதி இருந்தாலும் நிம்மதி கொள்ள வேண்டாம். போரால் பல தடவை இடம்பெயர்ந்த மாவட்டம் இது. உரிமையாளர் கனடாவில் இருப்பார், இங்கே ஒருவர் அவருக்காகச் செயற்பட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவத்தைக் காட்டி விற்பார். அதைக் கொடுத்தவர் இறந்திருந்தால் அது செல்லாது. முதுசக் காணியில் ஒரு சகோதரர் மட்டும் கையெழுத்திட்டால், உங்களுக்கு வருவது அவருடைய பிரிபடாத பங்கு மாத்திரமே. மற்றவர்கள் பின்னர் வழக்குப் போடலாம். எனக்கு அதிகம் பயம் தருவது வெளிப்படுத்தல் உறுதி. "நான் நீண்டகாலமாக ஆண்டு வருகிறேன், ஆகவே இது என்னுடையது" என்று ஒருவர் தாமே நொத்தாரிசு முன் எழுதிப் பதிவதுதான் அது. பதிந்திருப்பதால் மட்டும் உரித்து உறுதியாகிவிடாது. போரால் இடம்பெயர்ந்து காணிக்குத் திரும்ப முடியாமல் போனவர்கள், பிறர் அதைப் பத்து வருடம் ஆண்டு வந்ததைக் காரணமாகக் கொண்டு உரிமையை இழக்காதிருக்கவே 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது.

எனவே விற்பவரின் நொத்தாரிசை நம்பாமல் உங்களுக்கென்று ஒரு சட்டத்தரணியை வைத்துக் காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருடப் பதிவுகளைத் தேடச் சொல்லுங்கள். உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கூட்டிச் சென்று, படத்தில் உள்ள எல்லைக் கற்கள் நிலத்திலும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அடுத்தது கடற்கரைக் கனவு. நிலாவெளியிலோ உப்புவெளியிலோ சிறு விடுதி கட்டி வாடகையில் கடனை அடைக்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். நம் பக்கத்துச் சுற்றுலாக் காலம் பெரும்பாலும் மே முதல் செப்டெம்பர் வரைதான். மாரியில் அறைகள் வெறுமையாகக் கிடக்கும், வங்கித் தவணை மட்டும் மாதந்தோறும் வரும். அதோடு உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே கட்டடம் எழுப்பக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். சிறு பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பத்தின் முதல் முதலீட்டுக்குப் பாலையூற்று, அன்புவழிபுரம் போன்ற, வருடம் முழுவதும் குடும்பங்கள் வாடகைக்கு வரக்கூடிய இடங்களே பொருத்தம் என்பது என் கருத்து.

காணியைக் கார்த்திகை மழையில் ஒரு தடவையும், கோடை முடியும் புரட்டாதியில் ஒரு தடவையும் பாருங்கள். மழையில் வெள்ளம் நிற்கிறதா, கோடையில் கிணற்றுத் தண்ணீர் உவர்க்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

செலவுக் கணக்கில் முத்திரைத் தீர்வை, நொத்தாரிசுக் கட்டணம், வேலி ஆகியவற்றையும் சேருங்கள். நகை முழுவதையும் அடகு வைத்து வாங்க வேண்டாம். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் கைக்காசு வேண்டும். கிழக்கில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது வழக்கம். ஆனால் இருவரும் உழைத்து வாங்கும் காணியின் உறுதியில் இருவர் பெயரும் இருக்கட்டும்.

முற்பணம் கொடுக்க வேண்டி வந்தால் பதிவுத் தேடல் முடிந்த பிறகே கொடுங்கள், அதையும் நொத்தாரிசு முன் ஒப்பந்தம் எழுதியே கொடுங்கள். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் எழுதிய காணி விற்பனை உடன்படிக்கை செல்லுபடியாகாது.