உலகப் பக்கத்தைக் கீழிருந்து கட்டுங்கள்

இரவு ஷிஃப்டில் நாளிதழின் உலகச் செய்திப் பக்கம் கைக்கு வந்ததும் புதியவர்கள் லீட், அதாவது பக்கத்தின் உச்சியில் வரும் முதன்மைச் செய்தி, தேடி அலைவார்கள். தேடாதீர்கள். மார்ச் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை, சென்னையில் இரவு 11 மணி என்றால் வாஷிங்டனில் பகல் 1.30. அன்றைய அரசியல் அங்கே அப்போதுதான் சூடு பிடிக்கும். டோக்கியோவிலோ அதிகாலை 2.30, நாளே முடிந்துவிட்டது. எனவே ஜப்பான், கொரியா, ஆஸ்திரேலியா செய்திகளை முதலிலேயே முடித்துக் கீழே வையுங்கள். அப்புறம் ஐரோப்பா. மேலிடம் கடைசிவரை காலியாகக் கிடக்கட்டும். சீஃப் சப் (தலைமைத் துணை ஆசிரியர்) முறைத்தால் முறைக்கட்டும்.

அரசியல் செய்தியில் நான் முதலில் பார்ப்பது, பேசியவர் கையில் அதிகாரம் இருக்கிறதா என்பதைத்தான். ஜெர்மனியில் ஆட்சி நடத்துபவர் சான்சலர். அதிபர் பெரும்பாலும் அலங்காரப் பதவி. ஈரானில் அதிபரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆனால் கடைசி வார்த்தை உச்சத் தலைவருடையது. சுவிட்சர்லாந்தில் ஏழு பேர் கொண்ட அவைதான் அரசு; அதில் ஒருவர் ஓராண்டுக்குத் தலைவராக இருப்பார், அவ்வளவே. 2024 டிசம்பரில் பிரான்ஸில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் விழுந்தது பிரதமர் பார்னியேவின் அரசு. அதிபர் மக்ரோன் நாற்காலியில்தான் இருந்தார். 'பிரான்ஸ் ஆட்சி கவிழ்ந்தது' என்று மொட்டையாகத் தலைப்பிட்டால் படிப்பவர் மக்ரோனே போய்விட்டார் என்று நினைப்பார்.

நிலநடுக்கம் என்றால் அளவைச் சொன்ன நிறுவனத்தின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வு மையமும் ஜப்பான் வானிலை முகமையும் வேறு வேறு எண் தரலாம். பலி எண்ணிக்கைக்கும் இதே விதி. பெரிய நிலநடுக்கங்களுக்கு 'ரிக்டர்' இப்போது பயன்பாட்டில் இல்லை, விட்டுவிடுங்கள். இதற்காக நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

துணுக்குதான் எனக்குப் பிடித்த இடம். இதை அன்றிரவு தேடக்கூடாது, நாள்காட்டி வைத்து முன்பே எழுதி வைக்க வேண்டும். மே கடைசித் திங்கள், இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் செங்குத்தான மலைச்சரிவில் பாலாடைக்கட்டியை உருட்டிவிட்டு அதன் பின்னால் விழுந்து புரள்வார்கள். ஆகஸ்ட் கடைசிப் புதன், ஸ்பெயினின் புன்யோலில் தக்காளிச் சண்டை. ஜூலை 2, ஆகஸ்ட் 16, இத்தாலியின் சியெனா நகரில் பாலியோ குதிரைப் பந்தயம். நகரில் மொத்தம் 17 பேட்டைகள், ஒரு பந்தயத்தில் ஓடுவது பத்துப் பேட்டைகளின் குதிரைகள். ஓட்டுபவர் வழியில் விழுந்தாலும் குதிரை தனியாக முதலில் வந்தால் அதற்கே வெற்றி! இப்படி ஒரு தகவல் இல்லாமல் வெறும் 'விநோதத் திருவிழா' என்று படம் மட்டும் போடுவது வெட்டி வேலை. ஏப்ரல் 1 அன்று கூடுதல் எச்சரிக்கை: 1957-இல் பிபிசியே சுவிஸ் மரங்களில் ஸ்பகெட்டி காய்ப்பதாகக் காட்டியது.

சரி, இப்போது லீட். பக்கம் அச்சுக்குப் போகும் நேரத்திலும் வாஷிங்டனில் பேச்சுவார்த்தை ஓடிக்கொண்டிருந்தால், 'இன்று கையெழுத்தாகிறது' என்று எழுதாதீர்கள். 'பேச்சு நீடிக்கிறது' என்று போட்டு, எந்த மணி வரையிலான நிலவரம் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.