வியட்நாம் போரை வகுப்பில் எடுக்கப்போகும் ஆசிரியருக்கு

முதல் முறை இந்தப் பாடத்தை எடுத்தபோது, 1945 செப்டம்பர் 2 அன்று ஹனோயில் வியட்நாமின் கம்யூனிஸ்ட் தலைவர் ஹோ சி மின் சுதந்திரப் பிரகடனம் வாசித்ததில் தொடங்கி, 1975 ஏப்ரல் 30 அன்று தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வட வியட்நாமிடம் வீழ்ந்ததுவரை மூன்றே பாடவேளைகளில் ஓட்டி முடித்தேன். தேர்வில் எல்லோரும் ஆண்டுகளைச் சரியாக எழுதியிருந்தார்கள். ஆனால் அந்த மூன்று நாளும் ஒரு மாணவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. உலகமே இரண்டுபட்டுச் சண்டை போட்ட ஒரு விஷயத்தைச் சொல்லியும் வகுப்பு கொட்டாவி விட்டதென்றால், கோளாறு யாரிடம்?

இப்போது கரும்பலகையின் நடுவே ஒரு கோடு போடுகிறேன். இடப்பக்கம் ‘அன்று தெரிந்தது’. வலப்பக்கம் ‘பின்னர் தெரிந்தது’. எந்தச் செய்தியைச் சொன்னாலும் அது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மாணவர்களைத்தான் கேட்கிறேன்.

தொடக்கத்துக்கு வட வியட்நாமை ஒட்டிய டோங்கின் வளைகுடாவைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 1964 ஆகஸ்ட் 2 அன்று வட வியட்நாமின் படகுகள் ‘மேடாக்ஸ்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலைத் தாக்கின. ஆகஸ்ட் 4 இரவு இரண்டாவது தாக்குதல் நடந்ததாகச் செய்தி வந்தது. அதிபர் ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றிப் பதிலடியை அறிவித்தார். இதை மட்டும் சொல்லிவிட்டு, மாணவர்களை நாடாளுமன்ற உறுப்பினர்களாக்கி வாக்கெடுப்பு நடத்துங்கள்: அதிபருக்குப் படைபலத்தைப் பயன்படுத்தும் அதிகாரம் தரலாமா, கூடாதா? என் வகுப்பில் ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயர்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் உண்மையான கணக்கைப் பலகையில் எழுதுவேன். ஆகஸ்ட் 7 அன்று பிரதிநிதிகள் சபையில் 416க்கு 0. செனட்டில் 88க்கு 2.

அடுத்தது வலப்பக்கம். அந்த இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பதைக் காட்டும் உளவுத்துறை ஆவணங்கள் 2005இல் வெளியாயின. வகுப்பில் சலசலப்பு எழும். “எங்களை ஏமாற்றிவிட்டீர்கள்” என்று என் மீதே கோபப்படுவார்கள். அந்தக் கோபம் நல்லது. அதை அவசரப்பட்டுத் தணிக்காதீர்கள். அது சற்று அடங்கியதும் இன்னொரு செய்தியைச் சொல்லுங்கள். மேடாக்ஸ் கப்பலிலிருந்த தளபதி ஹெரிக், தாக்குதல் செய்தி உறுதியானதல்ல, வானிலையும் கருவியைக் கவனித்தவர்களின் பதற்றமும் காரணமாக இருக்கலாம் என்று அன்றைக்கே தந்தி அனுப்பியிருந்தார். இது எந்தப் பக்கம்? அன்று தெரிந்ததுதான், ஆனால் யாருக்குத் தெரிந்தது? ஒரு பாடவேளை முழுக்க இந்த ஒரு கேள்வியிலேயே போனாலும் போகட்டும்.

படங்களில் எச்சரிக்கை தேவை. 1972 ஜூனில் டிராங் பாங் சாலையில் நாபாம் என்ற தீக்குண்டின் நெருப்பில் வெந்து ஓடிவந்த கிம் ஃபுக் என்ற சிறுமியின் படத்தைக் காட்டுவதற்கு முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். பார்க்க விரும்பாதவர் வெளியே செல்லலாம் என்றும் சொல்லுங்கள். குண்டு போட்ட விமானம் யாருடையது என்று கேட்டால் எல்லோரும் அமெரிக்கா என்பார்கள். அது அமெரிக்காவின் ஆதரவோடு போரிட்ட தென் வியட்நாமின் விமானம். கொடுத்தது யார், போட்டது யார் என்று விவாதம் தானாகவே பிரியும்.

மை லாய் என்ற தென் வியட்நாம் கிராமத்தை விடவே கூடாது. 1968 மார்ச் 16 அன்று அமெரிக்கப் படையினர் அங்கே கிராமத்து மக்களைக் கொன்றார்கள். வியட்நாம் தரும் எண்ணிக்கை 504. அதே காலையில் ஹியூ தாம்ப்சன் என்ற அமெரிக்க விமானி தன் ஹெலிகாப்டரைச் சொந்தப் படையினருக்கும் கிராமத்தாருக்கும் நடுவே இறக்கிச் சிலரைக் காப்பாற்றினார். இரண்டையும் ஒரே நாளில் சொல்லுங்கள். அதே ஆண்டு ஹுவே நகரில் கம்யூனிஸ்ட் படைகள் பொதுமக்களைக் கொன்றதையும் சொல்லுங்கள். “நீங்கள் எந்தப் பக்கம்?” என்ற கேள்வி கட்டாயம் வரும். கடைசி வகுப்பு முடிந்த பிறகு சொல்கிறேன் என்பதே என் பதில். அதன்படி சொல்லியும் இருக்கிறேன்.

பின்விளைவுகளுக்கு வியட்நாமின் அண்டை நாடான லாவோஸ். 1964 முதல் 1973 வரை அந்நாட்டின் மீது அமெரிக்காவின் சுமார் 5,80,000 குண்டுவீச்சுப் பயணங்கள் நடந்தன. சராசரியாக எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்று மாணவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள். எட்டு நிமிடம் என்று வரும். அன்று வேறு பாடம் எதையாவது நடத்திக்கொண்டே எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை மேசையைத் தட்டுங்கள். நாற்பது நிமிடத்தில் ஐந்து தட்டு. மூன்றாவது தட்டுக்குள் பேச்சு நின்றுவிடுகிறது. பிறகு ஒரு டென்னிஸ் பந்தைக் கைக்குக் கை அனுப்புங்கள். கொத்துக்குண்டிலிருந்து சிதறும் சிறு குண்டு அந்த அளவுதான். வெடிக்காமல் கிடக்கும் அவற்றைக் குழந்தைகள் பந்து என்று நினைத்து எடுக்கிறார்கள்.

ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியைப் பற்றிச் சொல்லும்போது வெறும் சோகக்கதையாக்கிவிடாதீர்கள். 1961 முதல் 1971 வரை ஏழு கோடி லிட்டருக்கும் மேலான களைக்கொல்லிகளை அமெரிக்கா தெளித்தது. தா நாங் விமான நிலையத்து மண்ணில் அது விட்டுச்சென்ற டையாக்சின் என்ற நச்சை அகற்றும் வேலை 2018இல்தான் முடிந்தது. அமெரிக்கப் போர் வீரர்களின் சில நோய்களை அந்த ரசாயனத்தோடு தொடர்புபடுத்தி உதவி வழங்க 1991இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. வியட்நாமியர் தொடுத்த வழக்கை 2005இல் அமெரிக்க நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இந்தக் கடைசி இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள்.

தேர்வுக்கு நான் தருவது ஒரே கேள்வி: போர் எப்போது முடிந்தது? போர்நிறுத்தத்துக்கான பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தான 1973 என்று எழுதுபவர், அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் நடந்த சண்டையை என்னவென்று அழைப்பது எனச் சொல்ல வேண்டும். 1975 என்பவர், அதன் பின் படகேறித் தப்பியோடிய லட்சக்கணக்கானோரைக் கணக்கில் கொள்ள வேண்டும். அமெரிக்காவும் வியட்நாமும் தூதரக உறவு தொடங்கிய 1995ஐயும் ஏற்பேன். இன்னும் முடியவில்லை என்று மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான். எந்த ஊரில், எதனால் என்று எழுதினால் மீதி.