டிசம்பர் லீவில் கோஸ்டா ரிக்காவா? முதலில் பாஸ்போர்ட்டைப் பாருங்கள்

சிங்கப்பூரிலிருந்து மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிக்காவுக்கு நேரடி விமானம் கிடையாது. விலை குறைவாக இருக்கிறதே என்று அமெரிக்கா வழியாக டிக்கெட் போடுவதற்கு முன், வீட்டில் யாரிடம் எந்த பாஸ்போர்ட் என்று பாருங்கள். அங்கே விமானம் மாறுவதற்கும் குடிநுழைவைத் தாண்டித்தான் ஆக வேண்டும். சிங்கப்பூர் பாஸ்போர்ட் என்றால் இணையத்தில் எஸ்டா என்ற முன் அனுமதி எடுத்தால் போதும், விசா வேண்டாம். இந்திய பாஸ்போர்ட்டில் கூட வரும் அம்மா அப்பாவுக்கு அமெரிக்க விசாவே வேண்டும். நேர்காணல் தேதிக்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம்.

பள்ளி விடுமுறைகளில் ஜூனைவிட டிசம்பரே நல்லது, பசிபிக் கரையில் மழை விட்டிருக்கும். கரீபியன் கரை வேறு கணக்கு, அங்கே டிசம்பரிலும் கொட்டும்.

மானுவல் அன்டோனியோ தேசியப் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை. நுழைவுச்சீட்டை இணையத்திலேயே வாங்கிவிடுங்கள். வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். ரோமத்தில் பச்சைப் பாசி படிந்து, இலையோடு இலையாகத் தொங்கும் ஸ்லாத் என்ற மெதுவாக நகரும் மர விலங்கை நம் கண் லேசில் பிடிக்காது. அவர் டெலஸ்கோப்பைத் திருப்பிக் காட்டினால் நகம்கூடத் தெரியும்.

மின்சாரம் அங்கே 120 வோல்ட், நம் ஊர் ரைஸ் குக்கர் அதற்கு ஒத்துவராது, தூக்கிக்கொண்டு போகாதீர்கள். சோறும் பீன்ஸும் சேர்ந்த காயோ பின்டோ காலையிலேயே கிடைக்கும்.