‘மரம்’ அடித்தால் ‘மரம’

42 விசைகள் கொண்ட என் இருபாதி விசைப்பலகையில், தமிழ்99 என்ற தட்டச்சு முறையில் ‘மரம்’ என்று அடித்தால் ‘மரம’ என்றே விழுந்தது. கோத்தகிரிக் குளிரில், காலை வேளையில்தான் தொல்லை அதிகம். பாதிகளை இணைக்கும் கேபிளை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன்; பயனில்லை.

‘அம்மா’ மட்டும் தவறவே இல்லை. துப்பு அங்கேதான் இருந்தது. ஒரே மெய் இரட்டித்தால் தமிழ்99 தானே புள்ளி வைத்துவிடும். இறுதிப் புள்ளிக்கோ எஃப் விசையைத் தட்ட வேண்டும். அதே விசையை அழுத்திப் பிடித்தால் ஷிஃப்ட் ஆகும்படி அமைத்திருந்தேன். விசைப்பலகையை இயக்கும் கியூஎம்கே மென்பொருளில், தட்டலா பிடிப்பா என்று பிரிக்கும் இயல்பு எல்லை 200 மில்லி விநாடி. விறைத்த விரல் அதைத் தாண்டியதும் புள்ளி போய்விடுகிறது. எல்லையை உயர்த்தினேன், ஆங்கிலப் பெரிய எழுத்துகள் தடுமாறின.

ஷிஃப்ட்டைக் கட்டைவிரல் விசைக்கு மாற்றினேன். எஃப் இப்போது புள்ளிக்கு மட்டுமே. அப்பாடா! தமிழில் ஜ, ஷ போன்ற கிரந்த எழுத்துகளுக்குத்தான் ஷிஃப்ட் வேண்டும் என்பதால் கட்டைவிரலுக்கும் சுமையில்லை.