ஏஎல்டி இறங்கிவிட்டதா? அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதீர்கள்

கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் பக்கம் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நம் ஆட்கள் தேடுவது ஒன்றைத்தான்: எந்த எண்ணுக்குப் பக்கத்தில், அளவு சரியில்லை என்று காட்டும் நட்சத்திரக் குறி இருக்கிறது? இல்லையென்றால் "எல்லாம் ஓகே" என்று மடித்து வைத்துவிடுவார்கள். கல்லீரல் விஷயத்தில் இந்தப் பழக்கம் நன்றாகவே ஏமாற்றும்.

ஏஎல்டி, ஏஎஸ்டி இரண்டும் கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் நொதிகள். செல் அடிபட்டாலோ செத்தாலோ ரத்தத்தில் கசியும். அதாவது, இப்போது எவ்வளவு சேதம் நடக்கிறது என்பதை அவை காட்டும். மிச்சமிருக்கும் கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்பது வேறு கேள்வி. நோயாளி பிழைப்பாரா, மாற்றுக் கல்லீரல் யாருக்கு முதலில் தேவை என்று கணக்கிடும் மெல்ட் மதிப்பெண்ணில் பிலிருபின் (கல்லீரல் வெளியேற்ற வேண்டிய மஞ்சள் நிறமி), ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்ற அளவு; ஏறினால் கெட்டது), கிரியாட்டினின் (சிறுநீரக அளவு), சோடியம் எல்லாம் உண்டு. ஏஎல்டிக்கு அதில் இடமே இல்லை.

இருப்பதிலேயே ஆபத்தான தவறு, ஏஎல்டி இறங்கினால் குணமாகிறது என்று நம்புவது. பாராசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கியவருக்கு ஏஎல்டி ஆயிரக்கணக்கில் ஏறும். செல்கள் சாவது நின்றதும் ஏறக்குறைய இரண்டு நாளுக்கு ஒருமுறை அது பாதியாகும். சரி, நல்ல செய்திதான். ஆனால் சாவதற்கு இனி செல்களே அதிகம் மிச்சமில்லை என்றாலும் அதே எண் அதே மாதிரிதான் இறங்கும்! எது நடக்கிறது என்பதை ஐஎன்ஆரும் பிலிருபினும்தான் சொல்லும். ஏஎல்டி இறங்க, ஐஎன்ஆர் ஏற, ஆள் தூங்கி வழிந்து பேச்சும் தடுமாறினால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. செலாயாங் மருத்துவமனை போன்ற கல்லீரல் மாற்று மையங்களோடு மருத்துவர்கள் அவசரமாகப் பேசுவது இந்தக் கட்டத்தில்தான்.

இன்னொன்று, ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகப் பார்ப்பது. 62 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஏஎஸ்டி 40, ஏஎல்டி 36, பிளேட்லெட் என்ற ரத்தத் தட்டணு 150. நட்சத்திரம் எதுவும் விழாமலே போகலாம். இப்போது கல்லீரல் தழும்பைக் கணிக்கும் ஃபிப்-4 கணக்கைப் போடுங்கள். வயதை ஏஎஸ்டியால் பெருக்கினால் 2480. ஏஎல்டியின் வர்க்கமூலம் 6, அதை 150 பிளேட்லெட்டால் பெருக்கினால் 900. வகுத்தால் 2.76. 2.67ஐத் தாண்டினால் கல்லீரலில் தழும்பு முற்றியிருக்கலாம் என்று சந்தேகித்து கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் ஃபைப்ரோஸ்கேனுக்கோ நிபுணரிடமோ அனுப்புவார்கள். நீரிழிவும் தொப்பையும் சேர்ந்த நம் வீட்டுப் பெரியவர்கள் இந்தக் கணக்கை மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

தேவையில்லாமல் பயப்படுவதும் உண்டு. தைப்பூசத்துக்குக் காவடி தூக்கி, பத்துமலையின் 272 படிகளும் ஏறி, மறுநாளே ரத்தம் கொடுத்தால் ஏஎஸ்டி எகிறியிருக்கும். ஏஎல்டியும் கொஞ்சம் கூடவே வரும். அடிபட்டது தசை, பழி கல்லீரலுக்கு. சிகே என்ற தசை நொதியையும் சேர்த்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும். ஒரு வாரமாவது ஓய்வெடுத்துவிட்டு மறுபடி எடுப்பது நல்லது.

அப்புறம், செல் சாவதை ரத்தத்தில் அளக்கும் இன்னொரு சோதனை, கெராட்டின் 18. செல்லின் உள்சட்டமாக நிற்கும் புரதம் இது. செல் தன்னைத்தானே ஒழுங்காக அழித்துக்கொள்ளும்போது காஸ்பேஸ் நொதிகள் அதை வெட்டுகின்றன. அந்தத் துண்டை எம்30 சோதனை அளக்கும். எம்65 எல்லா வகைச் சாவிலும் வெளியாகும் மொத்த அளவைக் காட்டும். மதுவால் வரும் கடுமையான கல்லீரல் அழற்சியில் இந்த அளவு கூடக்கூட இறப்பு அபாயமும் கூடுவதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. நம்பிக்கையான வழிதான், மறுக்கவில்லை. ஆனால் ஆய்வில் நூறு பேருக்குப் பொருந்தும் போக்கு உங்கள் ஒருவருக்கான தீர்ப்பு ஆகாது. எந்த அளவுக்கு மேல் ஆபத்து என்பதில் ஒருமித்த எல்லையும் இல்லை. குடல் போன்ற பிற உறுப்புகளின் செல்களிலும் இதே புரதம் இருப்பதால் சில புற்றுநோய்களிலும் இது ஏறும். வழக்கமான பரிசோதனைகளை முடிக்காமல் இதற்குப் பணம் கட்டுவது வீண் என்பேன்.

ஹெபடைடிஸ் பி மாத்திரை சாப்பிடுபவர்கள் செய்யும் தவறு தனி ரகம். ஏஎல்டி நார்மல் ஆனதும் தாங்களாகவே நிறுத்திவிடுவார்கள். அது நார்மல் ஆனதே மாத்திரை வைரஸை அடக்கி வைத்திருப்பதால். நிறுத்தினால் சில மாதங்களில் நோய் ஆவேசமாகத் திரும்பி, கல்லீரலைச் செயலிழக்கச் செய்யும் அளவுக்குப் போகலாம். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு 1989 முதல்தான் இந்த வைரஸுக்கான தடுப்பூசி போடுகிறார்கள். அதற்கு முன் பிறந்தவர்கள், ஏஎல்டி எவ்வளவு அழகாக இருந்தாலும், ஹெபடைடிஸ் பி சோதனையை ஒருமுறை கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.