அட்டையில் தஞ்சைப் பெரிய கோயில்: பிள்ளைகளோடு கட்டுவது எப்படி?

பெங்களூரில் வளரும் நம் பிள்ளைகள் பலருக்கு ராஜராஜன் என்பது பாட்டி சொல்லிக் கேட்ட ஒரு பெயர், அவ்வளவுதான். கையால் ஒன்றைக் கட்ட உட்கார வையுங்கள், கேள்விகள் தானாக வரும்.

தேவையானவை: டெலிவரி வந்த அட்டைப்பெட்டிகள், ஸ்கேல், கட்டர், ஃபெவிகால், களிமண், சலித்த மணல். இல்லாததை அவென்யூ ரோட்டில் வாங்கிக்கொள்ளலாம்.

முதலில் அளவு. விமானத்தின், அதாவது கருவறைக்கு மேல் எழும் கோபுரத்தின், உயரம் சுமார் 216 அடி. அடிக்குக் கால் செ.மீ. என்றால் 54 செ.மீ. இந்தக் கணக்கைப் பிள்ளையே போடட்டும். அதே அளவில் ஓர் ஆள் ஒன்றரை செ.மீ.தான் வருவார். அவரையும் அட்டையில் வெட்டி அடியில் நிறுத்துங்கள், அப்போதுதான் கோயிலின் உயரம் உறைக்கும்.

அடித்தளம் 25 செ.மீ. சதுரம், 12 செ.மீ. உயரம். அதன்மேல் 13 நிலைகள்: ஒவ்வொன்றும் 2.5 செ.மீ. உயரம், அகலம் 23-இல் தொடங்கி 8 வரை குறைய வேண்டும். மூலைகளில் கட்டரால் அட்டையைப் பாதி ஆழம் மட்டும் கீறி, கீறல் வெளிப்பக்கம் இருக்குமாறு மடக்கினால் விளிம்பு கூர்மையாக நிற்கும். கட்டர் பெரியவர் கையிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு நிலையின் மேல்மூடியிலும் நடுவில் ஓட்டை விடுங்கள். உண்மையான விமானமும் உள்ளே கூடுதான். உச்சியில் எட்டுப் பட்டை சிகரம், கலசம். ராஜராஜன் கலசம் கொடுத்தது 1010-இல்.

பசை காய்ந்ததும் ஃபெவிகாலில் மணலைக் குழைத்துப் பூசினால் கல் மாதிரியே இருக்கும்.

நந்தியைக் கடைசியில்தான் வைக்க வேண்டும். இப்போதுள்ள பெரிய நந்தி நாயக்கர் காலத்தது, சோழர் வைத்ததல்ல. கட்டும் வரிசையிலேயே பிள்ளைக்குக் காலவரிசை புரிந்துவிடும்.

அப்புறம் விளக்கை அணைத்து டார்ச் அடியுங்கள். கோபுர நிழல் தரையில் விழாது என்ற கதையைப் பிள்ளை கேட்டிருக்கும். விழுகிறதா என்று அதுவே பார்க்கட்டும். தஞ்சையிலும் விழத்தான் செய்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது கல்வெட்டு வேலை. தானும் தன் அக்காவும் மற்றவர்களும் கொடுத்ததையெல்லாம் கல்லில் வெட்டச் சொன்னார் ராஜராஜன். அதேபோல, "பாட்டி அட்டைப்பெட்டி கொடுத்தார், பக்கத்து வீட்டு அக்கா பெயிண்ட் கொடுத்தார்" என்று பிள்ளை தன் கையால் அடிச்சுவரில் தமிழில் எழுதட்டும். எழுதிய பிறகு டொம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலுக்கு அழைத்துப் போங்கள். அங்கே தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. பழைய எழுத்து, முழுதாக வாசிக்க வராது. தெரிந்த எழுத்து எத்தனை என்று தேடச் சொல்லுங்கள்.