கருவில் இதயம்: கணக்குத் தப்பும் இடங்கள்

கருவுக்கு இதயம் எப்போது வருகிறது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் மூன்றாம் மாதம் என்பார்கள், சிலர் ஐந்தாம் மாத ஸ்கேனில்தானே டாக்டர் காட்டினார் என்பார்கள். உண்மையில் கருத்தரித்த 22, 23ஆம் நாளிலேயே அது துடிக்கத் தொடங்கிவிடுகிறது. உடலில் முதன்முதலாக வேலைக்கு இறங்கும் உறுப்பே இதயம்தான். நாள் தள்ளிப்போய், ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு பெண் கிட் வாங்கி டெஸ்ட் செய்கிறாளே, அந்த நேரத்தில் உள்ளே துடிப்பு தொடங்கியிருக்கக்கூடும். இது மனதில் பதியாததால்தான் இந்த விஷயத்தில் பாதித் தவறுகள் நடக்கின்றன.

முதல் குழப்பம் வாரக்கணக்கு. ஆஸ்பத்திரியில் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள், கருவியல் புத்தகத்தில் கருத்தரித்த நாளிலிருந்து எண்ணுவார்கள். இரண்டுக்கும் சுமார் இரண்டு வாரம் வித்தியாசம். நெட்டில் ‘நான்காம் வாரம் இதயம் துடிக்கும்’ என்று படித்துவிட்டு, டாக்டர் கணக்கில் ஐந்து வாரம் ஆனதுமே ஸ்கேன் சென்டருக்கு ஓடி, ‘துடிப்பு இன்னும் தெரியல’ என்றதும் இடிந்துபோகிறவர்கள் ஏராளம். டாக்டர் கணக்கில் ஆறாம் வாரத்தில், டிவிஎஸ் ஸ்கேனில்கூட (பெண்ணுறுப்பு வழியாகக் கருவியை வைத்து எடுப்பது) தெரிவது என்னவென்றால், கறுப்பாக ஒரு பை, அதற்குள் வளையம் மாதிரி கருவுணவுப் பை, அதன் ஓரமாக ஒட்டிக்கொண்டு அரிசிமணி அளவுகூட இல்லாத ஒரு வெள்ளைக் கோடு, அந்தக் கோட்டுக்குள் மினுக் மினுக்கென்று ஓர் அசைவு. அவ்வளவுதான். 35, 40 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வருகிறவர்களுக்குக் கருத்தரித்ததே தாமதமாகத்தான் இருக்கும், அதனால் அந்த மினுக்கலும் தாமதமாகத்தான் வரும். கருவின் நீளம் 7 மில்லிமீட்டரைத் தொட்ட பிறகும் டிவிஎஸ்ஸில் துடிப்பு இல்லையென்றால் கரு நின்றுவிட்டதாகச் சொல்லலாம். அதற்குக் குறைவாக இருந்தால் ஒரு வாரம், பத்து நாள் கழித்து மறுபடி பார்ப்பதுதான் முறை. ஒரே ஸ்கேனை வைத்து மாத்திரை போட்டுக் கலைக்கச் சொன்னால், இன்னொரு டாக்டரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்தது, துடிப்பு வந்துவிட்டால் இதயம் தயார் என்று நினைப்பது. அப்போது இருப்பது அறையும் இல்லாத, வால்வும் இல்லாத வெறும் குழல். அதுவும் நெஞ்சில் உருவாவதில்லை. அதன் செல்கள் கருத்தட்டின் (கரு அப்போது தட்டையான ஒரு தகடுதான்) முன்விளிம்பில், மூளை வரப்போகும் இடத்துக்கும் முன்னால், லாட வடிவில் கூடுகின்றன. பிறகு தலைப்பகுதி மடங்கும்போதுதான் அது நெஞ்சுப்பகுதிக்கு வந்துசேர்கிறது. இரு பக்கமும் இருந்த குழல்கள் நடுவில் ஒன்றாகி, அந்த ஒற்றைக் குழல் நீண்டு வலப்பக்கமாக வளைகிறது. (வலப்பக்கம் வளைவதுதான் சரியான திசை. மாணவர்கள் இதையும் இதயமே வலப்பக்கம் இருக்கும் நிலையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள்.) ரத்தம் வந்து சேரும் கீழ்ப்பகுதி இந்த வளைவில் மேலே, பின்னால் போய்விடுகிறது. மேலறைகள் மேலறைகளாவது இப்படித்தான். சுவர்கள் எழும்பி நான்கு அறையாகப் பிரிந்து முடிய டாக்டர் கணக்கில் ஒன்பது, பத்து வாரம் ஆகிவிடும்.

பிறவி இதயக் கோளாறு என்றால் எங்கோ ஒரு துண்டு இல்லாமல் போய்விட்டது என்று கற்பனை செய்துகொள்கிறோம். பல நேரம் அப்படி இல்லை, சுவர் இருக்கும், இடம் தப்பியிருக்கும். டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ (‘டெட்ரா’ என்றால் நான்கு) என்ற பெயரைக் கேட்டு, குழந்தைக்கு நான்கு கோளாறாமே என்று பெற்றோர் நடுங்கிப்போவார்கள். மூலம் ஒன்றுதான். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் பாதையைப் பிரிக்கும் சுவர் கொஞ்சம் முன்னால் தள்ளி அமைந்துவிடுகிறது. அதனால் நுரையீரலுக்குப் போகும் வழி குறுகுகிறது, கீழறைகளுக்கு நடுவே ஓட்டை மூடாமல் நிற்கிறது, மகாதமனி அந்த ஓட்டைக்கு மேலே வந்து உட்காருகிறது. வலது கீழறை தடிப்பது, குறுகின வழியில் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி வந்த விளைவு. அதே சுவர் முறுக்கிக்கொண்டு இறங்காமல் நேராக இறங்கினால் மகாதமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிவிடும்.

‘ஓட்டை’ என்ற சொல்லைக் கேட்டாலே பதறுவதையும் விட வேண்டும். மேலறைகளுக்கு இடையே ஓட்டை இல்லாவிட்டால்தான் கருவுக்கு ஆபத்து. ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியாக வருவதால், அந்த ரத்தம் நுரையீரலைத் தாண்டி இடப்பக்கம் போக ஒரு வழி வேண்டும். பிறந்து மூச்சு விட்டதும் இடப்பக்க அழுத்தம் ஏறி, சுவரின் மெல்லிய மடல் கதவு மாதிரி சாத்திக்கொள்ளும். பிறகு மெல்ல ஒட்டிக்கொள்ளும். பெரியவர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு இது முழுசாக ஒட்டுவதே இல்லை, அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது தெரியவும் தெரியாது. பச்சைக்குழந்தையின் எக்கோ ரிப்போர்ட்டில் ‘பிஎஃப்ஓ’ (இந்த மடல் இன்னும் ஒட்டாமல் இருப்பது) என்று மட்டும் இருந்தால், அதை வாட்ஸப்பில் சுற்றுக்கு விடாமல் டாக்டர் சொல்லும் தேதியில் மறுபடி காட்டினால் போதும்.

இனி உண்மையிலேயே நஷ்டம் தரும் தவறு: ‘உறுதியாகட்டும், அப்புறம் எல்லாவற்றையும் சரிசெய்துகொள்ளலாம்’ என்று இருப்பது. சர்க்கரை உள்ள பெண்கள் மூன்று மாத சராசரியை (எச்பிஏ1சி) 6.5க்குக் கீழே கொண்டுவர வேண்டியது கருத்தரிப்பதற்கு முன்னால். இதயம் உருவாகும் வாரங்களில் சர்க்கரை எகிறியிருந்தால் கோளாறு வாய்ப்பு கூடுகிறது, ஐந்தாம் மாதம் கட்டுப்படுத்தி அதை மாற்ற முடியாது. ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) தடுப்பூசியும் முன்னாலேயே, போட்டபின் குறைந்தது ஒரு மாதம் இடைவெளி விட்டு. முகப்பருவுக்குச் சாப்பிடும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையும் அப்படித்தான், நிறுத்தி ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். வலிப்பு மாத்திரையை மட்டும் பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டர் மாற்றித் தருவார். ஃபோலிக் ஆசிட் ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டியதுதான், ஆனால் அதன் நிரூபணமான பலன் தண்டுவட, மூளைக் குறைகளைத் தடுப்பதில். அதைப் போட்டுவிட்டோம், இதயத்துக்குக் கவலையில்லை என்று இருக்க முடியாது.

கிரகணத்தன்று கத்தி எடுத்ததால் ஓட்டை விழுந்தது என்று மருமகளைக் குற்றம் சொல்வதைப் பற்றி எழுதவே அலுப்பாக இருக்கிறது. துடிப்பு 140க்கு மேல் போனால் பெண் குழந்தை என்பதும் அந்த ரகம்தான். ஆறாம் வாரத்தில் 110 வாக்கில் இருக்கும் துடிப்பு, ஒன்பதாம் வார வாக்கில் 170ஐ ஒட்டிப் போய், அப்புறம் இறங்கி 110க்கும் 160க்கும் நடுவில் நிற்கும், ஆணானாலும் பெண்ணானாலும்.

கடைசியாக, ‘அனாமலி ஸ்கேனில் (ஐந்தாம் மாத வாக்கில் குறைகளைத் தேடும் ஸ்கேன்) நார்மல்னு சொன்னாங்களே’ என்ற வருத்தம். மேலறை ஓட்டையும் மகாதமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே உள்ள இணைப்புக் குழாயும் கருவில் திறந்தேதான் இருக்க வேண்டும், எனவே பிறந்த பின் அவை மூடுமா என்பதை எந்த ஸ்கேனும் முன்கூட்டிச் சொல்லாது. அம்மாவுக்கு முன்பே சர்க்கரை இருந்தாலோ, வீட்டில் பிறவி இதயக் கோளாறு இருந்தாலோ 18 முதல் 24 வாரத்துக்குள் கருவுக்கான எக்கோ தனியாக எடுக்கக் கேளுங்கள். பிறந்து ஒரு நாள் ஆனதும் குழந்தையின் வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிஜன் அளவு பார்த்தார்களா என்பதையும் டிஸ்சார்ஜுக்கு முன் கேட்டுவிடுங்கள். இரண்டு நிமிட வேலை, ஊசி கிடையாது. 95க்குக் கீழே காட்டினால் வீட்டுக்குக் கிளம்ப அவசரப்படாதீர்கள்.